மாம்பழ மஞ்சளில் ஒன்றே ஒன்று

ஒரு டம்ளர் காபிக்காகத்தான் நான் பைத்தான் கற்றுக்கொண்டேன். (மலைப்பாம்பு இல்லை. கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் ஒரு மொழிக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். அம்மாவிடம் போனில் சொன்னபோது, "அந்த வீட்ல அதையெல்லாமா வளக்கறாங்க?" என்று கேட்டாள்.)

வயிற்றெரிச்சலில் பல தினுசு உண்டு. நகைக்காக எரிவது, நிலத்துக்காக எரிவது, அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்குக்காக எரிவது. இதையெல்லாம் வெளியே சொன்னால் நாலு பேராவது 'உச்' கொட்டுவார்கள். காபிக்காக எரிந்தேன் என்று சொன்னால் ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

எங்களுக்கு ஆரணியில் பட்டுச் சேலைக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, மேலே ஒரு மாடி அறை. கல்லாவில் என் மாமியார். எனக்கு அத்தை, ஊருக்கு முதலாளியம்மா. என் வீட்டுக்காரர் தறிக்காரர்களிடம் நூலையும் ஆர்டரையும் கொண்டுபோய்க் கொடுத்து, நெய்த சேலையை வாங்கி வருவார். கொழுந்தன் பிரபு வெளியூர் வியாபாரிகளைப் பார்த்துக்கொள்வான். வாட்ஸப்பில் வரும் ஆர்டர்கள் என் இலாகா. நான் கண்ணமங்கலத்துப் பெண், பி.காம். கல்யாணமாகி வந்த புதிதில், கடைக்குள் கால் வைக்கிறவர்களிடமெல்லாம் அத்தை என்னைக் காட்டி, "படிச்ச மருமக" என்பார். பிரபுவுக்குக் கல்யாணம் ஆகும்வரை அந்தப் பட்டம் என்னிடம்தான் இருந்தது.

பிரபுவின் மனைவி நித்யா எம்.சி.ஏ. சென்னையில் ஏதோ கம்பெனி. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டதால், காலையில் லேப்டாப்போடு மாடியேறினால் சாயங்காலம்தான் இறங்குவாள். நடுவில் பதினோரு மணிவாக்கில் அத்தை தன் கையாலேயே காபி கலந்து, மாடிப்படி ஏறி, அவளிடம் கொடுத்துவிட்டு வருவார்.

அத்தைக்கு முட்டிவலி. கோயிலுக்குப் போனாலும் கீழே நின்றே கும்பிட்டுவிட்டு, "சாமிக்குத் தெரியும்" என்று திரும்பிவிடுகிறவர். எனக்கு டைபாய்டு வந்து படுத்திருந்தபோது சமையலறையிலிருந்து, "கோமதி, காபி ஆறிகினு இருக்குது, வந்து எடுத்துக்கோ" என்று குரல் மட்டும்தான் வந்தது. அப்படிப்பட்டவர் நித்யாவுக்காகத் தினமும் படியேறினார்.

"அவளே இறங்கி வந்து குடிக்கலாமே அத்தை" என்றேன் ஒருநாள், முட்டிமேல் அக்கறையாக.

"பாவம்மா, மீட்டிங்ல இருக்கா."

(நானும் ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் பேசுகிறேன். அறுபது பேரும் விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள். அதற்கு என்ன பெயர்?)

இந்த நிலைமையில்தான் பெங்களூரு அம்மா வந்து சேர்ந்தார். நேரில் இல்லை, வாட்ஸப்பில். அரக்கு கலரில் ஒரு சேலைக்கு ஆர்டர் போட்டவர், நான் உடனே பதில் சொல்லவில்லை என்று அதையே மறுபடி அனுப்பினார். மறுநாள் மறுபடி. காலையில் வீட்டில் இருந்தபோது ஒன்றையும், மத்தியானம் கடையில் ஒன்றையும் நான் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். மூன்றாவதை, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, பிரபு ஏற்றினான். தறியிலிருந்து அச்சு அசலாக மூன்று சேலைகள் வந்து இறங்கின. பெங்களூரு அம்மா ஒன்றை வாங்கிக்கொண்டு, மற்ற இரண்டையும் போட்டோவில் பார்த்து, "நல்லா இருக்கு" என்று பாராட்டிவிட்டு ஒதுங்கிவிட்டார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அத்தை ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் சாப்பிட்டால் எங்கள் வீட்டில் உப்புக்கூடக் கேட்க மாட்டோம். அப்போதுதான் நித்யா, அப்பளத்தை உடைத்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்:

"ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதினா போதும் அத்தை. லிஸ்ட்ல ஒரே மாதிரி ரெண்டு வரி வந்தா தானாவே ஒண்ணை எடுத்துடும். இந்த வாரம் கொஞ்சம் வேலை இருக்கு. அடுத்த வாரம் நான் பண்ணித் தரேன்."

அத்தை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். என் இலையில் இருந்த ரசம் அதற்கப்புறம் எனக்கு இறங்கவில்லை. ஆர்டர் லிஸ்ட் என்னுடையது. அதில் நுழைந்த தப்பும் என்னுடையது. அதைத் திருத்துகிற பெருமை மட்டும் மாடிக்குப் போவதா?

அடுத்த வாரம் என்றாள் அல்லவா? எனக்கு ஒரு வாரம் இருந்தது.

பிரபுவின் பழைய லேப்டாப் ஒன்று பரணில் கிடந்தது. இங்கிலீஷ் 'ஈ' எழுத்து லேசில் அழுந்தாது என்பதைத் தவிர நல்ல லேப்டாப். அதைத் துடைத்து எடுத்துக்கொண்டேன். மத்தியானத்தில் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, சேலை அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து போனில் பாடம் கேட்டேன். யாராவது எட்டிப் பார்த்தால், சீரியல் பார்ப்பதாகச் சொல்வேன். உலகத்தில் எல்லாரும் சீரியல் பார்த்துவிட்டுப் படித்ததாகச் சொல்வார்கள். படித்துவிட்டு சீரியல் பார்த்ததாகச் சொன்னவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். "நாள் பூரா சீரியலா?" என்று அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் நான்தான்.

முதலில் ஒத்திகைக்காக ஒரு காய்கறி லிஸ்ட் போட்டேன். நாலு கத்திரிக்காய், ஒரு முருங்கைக்காய். லிஸ்டின் முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாகப் போய்ப் பார், ஒன்றுக்கு மேல் இருந்தால் அந்த இடத்திலேயே தூக்கிவிடு என்று எழுதினேன். ஓடவிட்டால், ஒரு கத்திரிக்காய் மிஞ்ச வேண்டிய இடத்தில் இரண்டு மிஞ்சியது. ஒன்பது தடவை ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் அதே இரண்டு கத்திரிக்காய் என்னைப் பார்த்துச் சிரித்தன.

காரணம் எனக்குப் புரிந்தது ஒரு கல்யாணப் பந்தியில். பாயசம் பரிமாறிக்கொண்டு வந்தவர் எனக்கு முந்தின ஆளிடம் வந்தபோது, அந்த ஆள் எழுந்து போய்விட்டார். நான் அவர் இடத்துக்கு நகர்ந்தேன். பரிமாறுகிறவர் தன் போக்கில் அடுத்த இலைக்குப் போய்விட்டார். எனக்குப் பாயசம் இல்லை. லிஸ்டிலும் அதேதான். நடந்துகொண்டே ஆளைத் தூக்கினால் வரிசை நகரும், ஒருத்தர் கண்ணில் படாமல் தப்பித்துவிடுவார். (பாயசம் போன துக்கத்தை மறந்து நான் பந்தியில் தனியாகச் சிரித்ததை என் வீட்டுக்காரர் இன்றுவரை மன்னிக்கவில்லை.)

அப்புறம் 'செட்' என்று ஒன்று இருப்பதாக வீடியோவில் ஒரு தம்பி சொன்னான். லிஸ்ட்டைத் தூக்கி அதற்குள் போட்டால், இரண்டாவது தடவை வருகிற எதையும் அது உள்ளே விடாது. ஒரே வார்த்தையில் வேலை முடிந்தது. ஆனால் வரிசை கலைந்துவிட்டது. ரெண்டு மாதமாகக் காத்திருந்த வேலூர்க்காரர் கடைசிக்குப் போய், நேற்று ஆர்டர் போட்டவர் முதலில் வந்து நின்றார். கடைசியில் டிக்‌ஷனரி வழியாகப் போகும் இன்னொரு வித்தையைப் பிடித்தேன். அதில் ஒரே தலைப்பு இரண்டு தடவை இருக்காது, முதலில் வந்தது முதலிலேயே நிற்கும். கத்திரிக்காய் ஒன்று, முருங்கைக்காய் ஒன்று. சேலை அடுக்குக்குப் பின்னாலேயே எழுந்து நின்றுவிட்டேன். "சீரியல்ல யாரு செத்தா?" என்றார் அத்தை.

உண்மையான ஆர்டர் லிஸ்ட்டில் ஓட்டியபோதுதான் ஏமாற்றம். ஒன்றுமே குறையவில்லை. ஏன் என்று பார்த்தேன். எங்கள் லிஸ்ட்டில் ஒரு சேலைக்கு ஒரு வரி. அந்த வரியில் வாங்குகிறவர் பெயர், உடம்புக் கலர், பார்டர், கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அந்தக் குறிப்பில்தான் சனியன் இருந்தது. ஒரே ஆள், ஒரே சேலை, ஆனால் முதல் தடவை குறிப்பில் 'அவசரம்', அடுத்த தடவை 'ரொம்ப அவசரம்', அதற்கடுத்து 'பதிலே காணோம்'. குறிப்பு வேறாக இருந்ததால், கம்ப்யூட்டர் மூன்றையும் வேறு வேறு வரியாக நினைத்துக்கொண்டது.

என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் புத்திசாலித்தனமான காரியம் என்று அன்று நினைத்ததை அப்போது செய்தேன். குறிப்புக் கட்டத்தைப் பார்க்காதே என்று ப்ரோக்ராமுக்குச் சொல்லிவிட்டேன். பதினெட்டு வரி பறந்தது. சுத்தமான லிஸ்ட்டைப் பழையதன் மேலேயே சேமித்தேன், குப்பையை எதற்கு வைத்துக்கொள்வது என்று.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில், நித்யா பரிமாறிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து ஆரம்பித்தேன்.

"அத்தை, அந்த ப்ரோக்ராம் முடிஞ்சுது. பதினெட்டு வரி டபுளா இருந்தது. எடுத்துட்டேன்."

"யாரு எழுதினது?"

"நான்தான்."

அத்தை சாப்பிடுவதை நிறுத்தினார். "பதினெட்டு சேலை வீணா நெய்யாம தப்பிச்சோம்னு சொல்லு."

நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த தலையோடு ஓரக்கண்ணால் நித்யாவைப் பார்த்தேன். அவள் கையில் கரண்டி அப்படியே நின்றது. அந்த ராத்திரி நான் தூங்கிய தூக்கம், அதற்கு முன்னும் பின்னும் தூங்கியதில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு அத்தை காபி கொண்டுவந்தார். தட்டில் இரண்டு டம்ளர். ஒன்றை நான் உட்கார்ந்திருந்த இடத்தில் வைத்துவிட்டு, இன்னொன்றோடு படியேறினார். சர்க்கரை போட மறந்திருந்தார். நான் அதை ஒரு வாய்கூட மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

சாயங்காலம் நித்யா கடைக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். "அக்கா, நல்லா பண்ணியிருக்கீங்க. ஒண்ணு கேக்கலாமா? யாராவது வேணும்னே ஒரே மாதிரி ரெண்டு கேட்டிருந்தா?"

எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல். தன் வேலையை நான் பிடுங்கிக்கொண்டேன் என்று குற்றம் கண்டுபிடிக்க வந்திருக்கிறாள் என்று தோன்றியது. நான் சிரித்துக்கொண்டே, பக்கத்தில் இருந்த இரண்டு வாடிக்கையாளர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "ஒரே மாதிரி ரெண்டு சேலை யாரு வாங்குவா நித்யா? நீ கம்ப்யூட்டர் ஆளு. சேலையைப் பத்தி எனக்குத் தெரியும்."

அவள் மேலே போய்விட்டாள். அன்றைக்கே அந்த லிஸ்ட்டிலிருந்து நெசவுச் சீட்டுகள் அச்சாகி, வரிக்கு ஒன்றாகத் தறிகளுக்குப் போய்விட்டன.

இரண்டு மாதம் கழித்துக் களம்பூரிலிருந்து ஒரு வேன் வந்து கடை வாசலில் நின்றது. அங்கே அரிசி மில் வைத்திருக்கும் குடும்பத்து ராஜேஸ்வரி அம்மா முதலில் இறங்கினார். பின்னால் அவருடைய நாத்தனார்கள் மூன்று பேர், ஓரகத்திகள் இரண்டு பேர். சின்ன மகளுக்குக் கல்யாணம். ஆர்டர் கொடுத்த சேலையை வாங்கிப்போக வந்திருந்தார்கள். ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். கலர் சோடா வந்தது. நான் பெயரைப் பார்த்து, அலமாரியிலிருந்து பொட்டலத்தை எடுத்து வந்து பிரித்தேன். மாம்பழ மஞ்சள் உடம்பு, அரக்கு பார்டர். வெயிலில் வைத்த மாதிரி மின்னியது.

"ரொம்ப நல்லா வந்துகீது" என்றார் ராஜேஸ்வரி அம்மா. "மத்தது?"

"மத்ததுன்னா?"

"மத்த அஞ்சு."

அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஆர்டர் கொடுக்க வந்த அன்று அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னது. மூத்த மகள் கல்யாணத்தில் ஒரு நாத்தனாருக்குக் கொடுத்த சேலையில் பார்டர் அரை விரல் அகலமாகப் போய்விட, இன்னொரு நாத்தனார் வளைகாப்புக்கே வரவில்லை. "இந்தத் தடவை ஒரு நூல்கூட வித்தியாசம் இருக்கக் கூடாது கோமதி. ஆறும் ஒரே மாதிரி இருக்கணும். உன்னை நம்பித்தான் சொல்றேன்." நானே என் கையால் ஆறு வரி அடித்தேன். ஆறு வரியிலும் அதே பெயர், அதே மஞ்சள், அதே அரக்கு. வித்தியாசம் கடைசிக் கட்டத்தில் மட்டும்தான். பெரிய நாத்தனாருக்கு, நடு நாத்தனாருக்கு, சின்ன நாத்தனாருக்கு. எல்லாமே குறிப்பில்.

"தறியிலருந்து வந்துகினு இருக்கும்மா" என்றேன். அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர், பொய் சொல்லத் தெரியாதவர், பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னா வருது? களம்பூருக்கு ஒரே சீட்டுதான குடுத்த?" என்றார்.

கல்யாணத்துக்கு இருந்த நாலு நாளில், ஐந்து சேலை நெய்ய வழியே இல்லை. நான் அலமாரியில் பாய்ந்தேன். மஞ்சள் என்று கண்ணில் பட்ட எல்லாவற்றையும் இழுத்துப் போட்டேன். எலுமிச்சை மஞ்சள், மஞ்சள் கிழங்கு மஞ்சள், மஞ்சள் என்று நினைத்து எடுத்த ஒரு சந்தனக் கலர். "எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்" என்றேன், ஆறு பெண்களைப் பார்த்து, பட்டுச் சேலைக் கடையில் நின்றுகொண்டு.

"அவங்களுக்கு மயில் போட்டது, எனக்கு வெறும் கோடா?" என்றார் சின்ன நாத்தனார்.

"மயிலை நீயே வெச்சிக்கோ. எனக்கு அந்த முதல் சேலை" என்றார் பெரியவர்.

"அது ஏன் உங்களுக்கு? நான்தான முதல்ல பாத்தேன்" என்றார் ஓரகத்தி ஒருவர்.

நடு நாத்தனார் மாம்பழ மஞ்சளின் ஒரு முனையை மட்டும் மெதுவாகத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். மறுமுனை ஏற்கெனவே பெரியவர் கையில் இருந்தது. அடுத்த பத்து நிமிஷத்தில், பழைய கல்யாணத்துப் பார்டர், வராத வளைகாப்பு, யாரோ யாருக்கோ அரை மூட்டை அரிசி குறைவாக அனுப்பிய கதை, எல்லாம் எங்கள் கடைப் பாயில் வந்து உட்கார்ந்துகொண்டன. ராஜேஸ்வரி அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கண் கலங்கியிருந்தது.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "வேணும்னா கம்ப்யூட்டர்லயே குலுக்கல் போட்டுடலாம்மா. யாருக்கு எதுன்னு அதுவே சொல்லிடும்" என்றேன்.

"கோமதி" என்றார் அத்தை கல்லாவிலிருந்து. "உள்ள போய் எல்லாருக்கும் காபி போடு."

என்னிடம் அவ்வளவு மிருதுவாக அவர் பேசியதே இல்லை.

சமையலறையில் பாலை வைத்துவிட்டு, அது பொங்குவதைக்கூடப் பார்க்காமல் நின்றேன். நித்யா இறங்கி வந்து அடுப்பை அணைத்தாள். "இன்னா ஆச்சுக்கா?"

சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் ஒரு சண்டை போட்டாவது ஆறியிருப்பேன். அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லேப்டாப்பை எடுத்துவந்து காபி டிகாக்‌ஷன் பக்கத்தில் வைத்தாள்.

"இப்ப நீக்க வேணாம்க்கா, எண்ணுவோம். கடையில இருக்கற சரக்குல எந்தச் சேலை ஒரே மாதிரி ஆறாவது இருக்குதுன்னு கேட்டுப் பாக்கலாம்."

நாலு வரிகூட எழுதவில்லை. நான் நீக்குவதற்கு ஒரு வாரம் பட்ட பாட்டை அவள் எண்ணுவதற்குப் பால் ஆறுகிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு விடை வந்தது. மயில்கழுத்து உடம்பு, மஞ்சள் பார்டர், எட்டுச் சேலை. சேலம் வியாபாரி ஒருவருக்காகக் கட்டி வைத்திருந்தது.

பிரபு சேலத்துக்குப் போன் போட்டுக் கெஞ்சினான். "பேஜார் பண்றீங்களே தம்பி" என்று எதிர்முனையில் சொன்னது எங்களுக்கே கேட்டது. ஒருவழியாகப் பத்து நாள் தவணை கொடுத்தார். அத்தை கட்டைப் பிரித்து, "சின்ன மருமக கண்டுபிடிச்சது" என்று சொல்லிக்கொண்டே ஆறு மயில்கழுத்துச் சேலைகளை வரிசையாகப் பாயில் விரித்தார். ஆறு பெண்களும் குனிந்தார்கள். ஒவ்வொருவரும் முதலில் தன் சேலையின் பார்டரை விரலால் அளந்தார், அப்புறம் பக்கத்தில் இருப்பதை, அப்புறம் கோடியில் இருப்பதை.

"ஒண்ணாத்தான் கீது" என்றார் பெரிய நாத்தனார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

ராஜேஸ்வரி அம்மா மூச்சு விட்டார். வேனில் ஏறும்போது அவர் என் கையைப் பிடிக்கவில்லை. நித்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மகராசியா இரும்மா" என்றார்.

சாயங்காலம் விரித்துப் போட்டிருந்த மஞ்சள்களையெல்லாம் நானும் நித்யாவும் மடித்தோம். பட்டுச் சேலையை ஒருத்தியாக ஒழுங்காக மடிக்க முடியாது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து, உதறி, கிட்டே வந்து, மறுபடி விலகிப் போக வேண்டும். மூன்றாவது சேலையில் நான் கேட்டேன்.

"உனக்கு முன்னாடியே தெரியும்தான?"

"சீட்டு அடிச்ச அன்னிக்கே பாத்தேன்கா. களம்பூருக்கு ஒண்ணுதான் இருந்தது. அவங்க ஆர்டர் குடுத்த அன்னிக்கு நானும் கடையில இருந்தேன்."

"சொல்லியிருக்கலாமே."

"ஒரு தடவை கேட்டேன். நீங்க நாலு பேர் முன்னாடி சிரிச்சீங்க."

"ரெண்டாவது தடவை?"

அவள் முனையை நீவிக்கொண்டே கிட்டே வந்தாள். "ரெண்டாவது தடவை சொல்லணும்னு தோணல. மாட்டிகினா மாட்டிகட்டுமேன்னு இருந்தது. அப்புறம் நிஜமாவே மறந்துட்டேன். இன்னிக்கு வேனைப் பாத்ததும்தான் ஞாபகம் வந்து கீழ ஓடியாந்தேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. "என் மேல உனக்கு என்ன?"

"கடைக்கு வர்றவங்க எல்லாரும் கோமதி இல்லியா, கோமதி இல்லியான்னுதான் கேக்கறாங்க. தெருவுல கோலம் போட்டா உங்களோட நின்னு பேசறாங்க. என்னை யாருக்கும் தெரியாது. மேல ஒருத்தியா உக்காந்துகினு இருக்கேன். அத்தை காபி எடுத்துகினு வருவாங்க இல்ல, வந்து அரை மணி நேரம் உக்காந்து உங்களைப் பத்தித்தான் பேசுவாங்க."

"புகழ்ந்தா, திட்டியா?"

"ரெண்டும்தான். ஆனா உங்களைப் பத்தி மட்டும்தான்."

நான் அந்தச் சேலையைத் தப்பாக மடித்துவிட்டேன். மறுபடி உதறி மடிக்க வேண்டியிருந்தது. எம்.சி.ஏ. படித்த ஒருத்தி, மாடியில் உட்கார்ந்து, என்னைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறாள். அன்று நடந்த அத்தனை நாசத்திலும் எனக்குக் கிடைத்த லாபம் இது ஒன்றுதான். அதை நான் யாரிடமும் காட்டிக்கொள்ளாமல் பல நாள் வைத்து வைத்து ரசித்தேன்.

அதனால் எரிச்சல் அடங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். களம்பூர்க் கல்யாணத்துக்கு நான் போகவில்லை, முகம் இல்லை. நித்யா போனாள். அவளை முதல் வரிசையில் உட்காரவைத்து, மணமக்களோடு போட்டோ எடுத்தார்கள். அதை நான் போனில் பெரிதுபண்ணி, அவள் வளையலை எண்ணினேன். தீபாவளிக்கு அத்தை அந்த ஒற்றை மாம்பழ மஞ்சளை எடுத்து நித்யாவுக்குக் கொடுத்தார். எனக்குக் கத்திரிப்பூக் கலர். என் முட்டாள்தனத்தில் பிறந்த சேலை, பரிசு அவளுக்கு.

"எனக்கும் அதே மாதிரி ஒண்ணு நெய்யச் சொல்லுங்க அத்தை" என்றேன்.

"ஒரே மாதிரி ரெண்டு சேலை யாரு வாங்குவா?" என்றார் அத்தை. அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவேண்டாம். கடையில் நான் சொல்கிறதெல்லாம் கல்லாவுக்குக் கேட்கும்.

ப்ரோக்ராம் இன்றும் ஓடுகிறது. ஆனால் இப்போது அது எதையும் தானாக நீக்காது. ஒரே மாதிரி இரண்டு வரி வந்தால் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, எடுக்கலாமா என்று கேட்கும். நித்யாவும் நானும் சேர்ந்து உட்கார்ந்து மாற்றியது. காபி இப்போது மாடிக்குப் போவதில்லை, நாங்கள் இரண்டு பேருமே சமையலறையில் நின்று குடிக்கிறோம். யார் டம்ளரில் நுரை அதிகம் என்று இரண்டு பேரும் பார்ப்பதும் உண்டு.

அதற்கடுத்த வருஷம் நித்யா ஸ்கேன் எடுக்க வேலூர் போனாள். பிரபு அங்கிருந்து போன் பண்ணினான். அத்தை ஸ்பீக்கரில் போட்டார்.

"ரெட்டைக் குழந்தைம்மா. நல்லா இருக்காங்களாம். அண்ணி பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கேன் பிரபு."

"அண்ணி, ரெண்டும் எங்களுக்கு வேணும். தயவுபண்ணி எதையும் எடுத்துடாதீங்க."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ஒரே ஒரு பையன். அவளுக்கு ஒரே தடவையில் இரண்டு. வாழ்த்துச் சொல்லும்போது என் குரல் எப்படி இருந்தது என்று எனக்கே தெரியும்.

இரண்டும் பெண். அச்சு அசலாக ஒரே முகம். கைக்குழந்தையாக இருந்தபோது, ஒருத்தியையே இரண்டு தடவை குளிப்பாட்டி, மற்றவளை அழுக்கோடு தூங்கவைத்த பெருமையும் எனக்கு உண்டு. அன்றிலிருந்து, குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டு எங்கே கிளம்பினாலும், "திரும்பி வரும்போது ரெண்டும் இருக்கணும் அண்ணி" என்று சொல்லாமல் பிரபு செருப்புப் போட மாட்டான். இப்போது அந்தப் பெண்களுக்கு நாலு வயசு. யார் சொல்லிக் கொடுத்தார்களோ, நான் முறுக்கு டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டதும், இரண்டும் கையைக் கோத்துக்கொண்டு வந்து என் முன்னால் நிற்கும்.

"பெரியம்மா" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள்.

"நாங்க ரெண்டு பேரு" என்று மற்றவள் முடிப்பாள்.